உக்கிராணச் சாவி

மாதம் ஒருமுறை டாக்டரம்மா வரும் நாளில், விடுதிப் பெண்கள் எழுபது பேரும் எடை பார்த்துவிட்டு வெளியே போன பிறகுதான் வார்டன் ராமாமணி செருப்பைக் கழற்றுவார். அப்புறம் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம். கடைசியாக இடுப்பில் செருகிய சாவிக்கொத்து. அதை மட்டும் அறைக்கு வெளியே வைத்துவிட்டு வருவார். உள்ளே இருந்தாலே எடையில் சேர்ந்துவிடும் என்று பயம்போல. கண்ணாடி இல்லாமல் முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. அதுவும் ஒரு சௌகரியம்தான்.

"நூத்தித் தொண்ணூறு ராத்தலுங்களா?" என்பார், குறைத்தே கேட்போமே என்று. டாக்டரம்மா உள்ளதைச் சொல்லிவிடுவார்.

கோவையில் ஒரு மில்லைச் சேர்ந்த பள்ளி விடுதி அது. ராமாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டில் கணவரை இழந்து, அண்ணன் வீட்டு அடுப்படியில் நாலு வருஷம் நின்றுவிட்டு இங்கே வந்தவர். பெண்கள் இருக்கும் மாதங்களில் அவரைப் போலப் பத்தியக்காரரைப் பார்க்க முடியாது. காலையில் இரண்டு இட்லி, இரவில் ஒரு டம்ளர் மோர். ஊரிலிருந்து யாராவது கச்சாயப் பலகாரம் கொண்டுவந்தால் முகர்ந்து பார்த்து, "நல்லா வந்திருக்குது கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

லீவு விட்டால்தான் வினை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ராமாமணியால் மூட முடியாதது தன் வாயைத்தான். மாலை ஆறு மணிக்குப் பிரார்த்தனை மணி அடிக்க வேண்டும். அடித்தால் வர ஆள் இல்லை. கால் தானாக உக்கிராண அறைக்குப் போகும். நிலக்கடலை, அச்சுவெல்லம், டின்னில் மிஞ்சிய முறுக்கு என்று நின்றபடியே தின்பார். தட்டு வைத்தால் அது சாப்பாடாகிவிடுமாம். மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்த சமையற்கார லட்சுமியம்மாள், அவர் தின்றுகொண்டே அழுததை ஒருநாள் பார்த்திருக்கிறார்.

டாக்டரம்மா காரணம் கேட்டபோது ராமாமணி மறைக்கவில்லை. "பசி இல்லீங்க. சத்தம் நின்னுபோச்சுன்னா வாய் ஏதாச்சும் கேக்குதுங்க." டாக்டரம்மா எழுத எடுத்த பேனாவை மூடிவிட்டார்.

இந்த வருஷம் விஷயம் விளையாட்டில்லை. பெண்கள் படுப்பது மாடியில். பதினாறு படி. தலை எண்ண ஏறும்போது மூன்று இடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றதைப் பள்ளித் தாளாளர் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். ஜூனில் பள்ளி திறக்கும்போதும் இப்படியே இருந்தால் இளவயதுப் பெண் ஒருத்தியைப் போட்டுவிடலாம், ராமாமணி அண்ணன் வீட்டில் ஓய்வாக இருக்கலாம் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

லீவுக்குக் கோபிசெட்டிபாளையம் புறப்பட்ட லட்சுமியம்மாளிடம், கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி நீட்டினார்.

"இதையும் கொண்டுபோயிருங்க. ஜூன்ல வாரப்பக் குடுத்தாப் போதும்."

"ஏனுங்கம்மா, உக்கிராணத்தைப் பூட்டிப்போட்டு நீங்க என்னத்தைச் சாப்பிடுவீங்க?"

"பசிக்குத் திங்கறதை வெளிய எடுத்து வெச்சுட்டனுங்க. மத்ததுக்குத் திங்கறதுதான் உள்ள கிடக்குது."

லட்சுமியம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ராமாமணியே பார்த்து அனுப்பினார்.

ஆறு மணி ஆயிற்று. காலையில் பெருக்கிய கூடத்தையே மறுபடி பெருக்கினார். பிறகு உக்கிராண வாசலில் வந்து நின்றார். கை இடுப்பைத் தடவியது. பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.