மகாராணியின் பட்டினி

தையல்காரியின் கணவர் இறந்துபோனதிலிருந்து, அவர் வளர்த்த பூனை சரியாகச் சாப்பிடவில்லை. மலிவுத் தீனி, மீன் தலை, ஈரல் எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. டப்பா மீனோ கட்டுப்படியாகாது.

"உங்க மகாராணிக்கு இதுவும் பிடிக்கலையாக்கா?" என்று சிரித்தான் கடைக்காரன்.

"சிரிக்காதப்பா. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் போயிட்டா?"

அவன் சிரிப்பு அடங்கியது. "அண்ணன் என்ன வைப்பாரு?"

"இதே மலிவுத் தீனிதான். தரையில உட்கார்ந்து, தன் தட்டுக்குப் பக்கத்துல வைப்பாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர் போனபின் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. தையல் மெஷின் பக்கத்தில் நின்றபடி இரண்டு வாய் விழுங்குவதோடு சரி.

அன்று மதியம் தட்டோடு தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அதே மலிவுத் தீனி. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் பூனை வந்து தலை குனிந்து தின்னத் தொடங்கியது. கண்ணீரைக்கூடத் துடைக்காமல், அது முடிக்கும்வரை அவளும் சாப்பிட்டாள்.