அண்ணி வரைந்த வளையம்

என் பைபிளின் பின்னட்டைக்குள் நான்காய் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்தது. கழுத்து, தோள், கை என்று பேனாவால் போட்ட கட்டங்களின் குறுக்கே பென்சிலில் ஒரு நீள்சதுர வளையம் வரைந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று இரண்டு படம். உள் அகலம் 16.0 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது. அடியில் பேனாவால் ஒரு வரி, இரண்டு முறை அடிக்கோடு இழுத்தது: "பழைய வளையத்தைப் பார்த்துச் செய்யக் கூடாது."

வரைந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. கல்யாணம் வேண்டாம் என்று தாமே முடிவு செய்து, காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்துவிட்டார். இடுப்பிலிருந்து செருப்பு வரைக்கும் இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிப்பர் அணிந்துதான் நடப்பார். அதன் முட்டியில் ஒரு வளையம் உண்டு. நிற்கும்போது அது சறுக்கி விழுந்து மூட்டைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் விரலால் மேலே தூக்கிவிட வேண்டும், கால் மடங்கும். எழுந்து காலை நீட்டினால் தானாகவே 'டக்'கென்று விழும். எங்கள் வீட்டில் அண்ணி எந்த அறையில் இருக்கிறார் என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. எல்லாரும் பலிபீடத்தின் முன்னால் உள்ள கம்பியழியில் முழங்கால் போட்டு வாங்குவோம். அண்ணியும் அப்படித்தான். நடந்து போவார், வளையத்தைத் தூக்குவார், கம்பியைப் பிடித்து இறங்குவார். எழும்போது இரண்டு கையும் கம்பியில் இருக்கும், வளையத்தைத் தொடக் கை மிஞ்சாது. அது தன் கனத்திலேயே விழுந்தாக வேண்டும். இறுக்கமாக இருந்தால் விழாது. தளர்ந்திருந்தால் விழும், ஆனால் பூட்டாது.

அந்த வளையம் ஒருநாள் விரிசல் விட்டது. அப்படிப்பட்ட காலிப்பர் இப்போது செய்வதில்லை, புது மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் கடையில். புது மாதிரியை ஏற்கெனவே இரண்டு முறை போட்டுப் பார்த்துத் தொடையெல்லாம் புண்ணானவர் அண்ணி. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் பழைய வளையத்தைப் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போனோம். அவர்கள் அதைத் திருப்பித் திருப்பி அளந்து, பளபளவென்று புதிது ஒன்று செய்து தந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒரு காரியம் முடித்துவிட்டோம் என்று.

அடுத்த முதல் ஞாயிறு, சபை நடுவழியில், எல்லார் கண் முன்னாலும் அண்ணி முட்டி மடங்கிக் கீழே விழுந்தார். நெற்றியில் அடி. பாட்டு நின்றுபோனது.

அன்று சாயங்காலமே சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். "அக்கா, எங்க மனசு கேக்கல. இனிமே நீங்க உக்காந்த இடத்துக்கே திருவிருந்து வரும். போதகர் ஐயாகிட்ட பேசிட்டேன். வீல்சேர் கூட ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார்.

"உங்க மனசு கேக்கலன்னா அந்த வீல்சேர்ல உங்க மனச உக்கார வைங்க தம்பி. எனக்கு வளையந்தான் சரியில்ல. கால் எப்பவும் போலத்தான் இருக்கு."

அவர் போன பிறகு நானும் விடவில்லை. எனக்குப் பயம். "ஏன் அண்ணி, முட்டி போட்டாத்தான் ஆண்டவர் ஏத்துப்பாரா?" என்று கேட்டேன்.

"அவரு ஏத்துப்பாரும்மா. நாந்தான் ஏத்துக்க மாட்டேன்." மிஷினில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, அந்தப் பட்டறையில எத அளந்தாங்க?"

"பழைய வளையத்தத்தான்."

கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு நெற்றிக் கட்டோடு சிரிக்கத் தொடங்கினார். "அத்தன வருஷம் தேஞ்ச ஓட்டையவா? அடிப்பாவி! புருஷனும் பொண்டாட்டியுமாப் போய் அளவு ஜாக்கெட் குடுத்துட்டு வந்திருக்கீங்க!"

தையல் கொடுக்கிறவர்களுக்கு இது புரியும். எல்லாரும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அண்ணி மட்டும் வாங்க மாட்டார். அது நைந்து விரிந்திருக்கும், இல்லை துவைத்துச் சுருங்கியிருக்கும், ஆளே வரட்டும் என்பார். இதனால் போன வாடிக்கைக்காரர்கள் உண்டு. அவர் அசைந்ததில்லை. இத்தனையும் தினம் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் தேய்ந்த வளையத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நெற்றியில் பட்ட அடி என் கையால் பட்டது. இதை இப்போதும் ஜெபத்தில் சொல்கிறேன்.

மறுநாள், சபையில் உள்ள பாலிடெக்னிக் வாத்தியாரிடம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கி வரச் சொன்னார். வளையத்தைத் தொடவே இல்லை. வளையம் உட்காரும் பட்டையை அளந்தார், மூன்று இடத்தில், மும்மூன்று தடவை. அகலம் 15.9 மில்லிமீட்டர். பிறகு தினக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துப் பட்டையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். "துணியில மூச்சு விட இடம் விடுவேன்ல, அதே மாதிரிதான்" என்று தாளோடு சேர்த்து அளந்தார். 16.0. கனத்தையும் அப்படியே. நோட்டைப் பிரித்து வரைந்தார்.

ரவிக்கைத் துணியைக் கிழித்து முட்டியை விறைப்பாகக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, ஆட்டோவும் மெட்ரோவுமாகப் பட்டறைகள் நிறைந்த பீன்யாவுக்குப் போனார். வாத்தியார் சொல்லியிருந்த சின்னப் பட்டறை. முதலாளி கன்னடக்காரர், தமிழும் பேசினார். தாளைப் பார்த்தார், கட்டங்களைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "டிராயிங் எல்லாம் எதுக்கும்மா, பழைய பீஸ் குடுங்க. பாயிண்ட் ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருந்தா ஸ்வல்ப அட்ஜஸ்ட் ஆகுத்தே."

"முட்டிக்கு ஆகல்லப்பா" என்றார் அண்ணி, பாதிக் கன்னடத்தில். முட்டியில் கட்டியிருந்த துணியை அங்கேயே அவிழ்த்து, பட்டையைத் தட்டிக் காட்டினார். "உங்க வெர்னியரக் கொண்டாங்க. இத அளங்க. என் தாள்ல இருக்கறது தப்பா இருந்தா நான் திரும்பிப் போறேன்."

முதலாளி கீழே குனிந்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பிறகு தாளை வாங்கி மிஷின் மேல் காந்தத்தில் ஒட்டினார்.

அடுத்த முதல் ஞாயிறு அண்ணி கம்பியழி வரைக்கும் நடந்தார். பிடிக்க வந்த செயலாளரை ஒரு பார்வையில் நிறுத்தினார். இறங்கினார். அப்பமும் ரசமும் வாங்கினார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து எழுந்தார். டக். பாட்டுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. சாகிற வருஷம் வரைக்கும் அந்தச் சத்தம் ஒரு திருவிருந்துக்கும் தவறவில்லை. அந்த வீல்சேர் இன்னும் சபை வராந்தாவில் இருக்கிறது, வேண்டியவர்கள் உட்காருகிறார்கள். அண்ணி கடைசி வரை அதில் தன் கைப்பையைத்தான் வைத்தார்.

இப்போது என் முட்டிகள் இரண்டும் வலிக்கின்றன. போன மாதம் புதிய செயலாளர் அன்பாகச் சொன்னார்: "ஆன்ட்டி, கஷ்டப்படாதீங்க, உங்க இடத்துக்கே கொண்டு வரச் சொல்றேன். வயசானவங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

"எல்லாரையும் பாத்து எனக்குச் சொல்லாதீங்கப்பா" என்றேன். "முடியாதப்ப நானே சொல்றேன்."

கம்பியைப் பிடித்து இறங்கினேன். வலித்தது. எழுந்தேன். டக் என்று எதுவும் விழவில்லை, என் எலும்புதான் சொடக்கென்றது. இடத்துக்கு வந்து பைபிளைத் திறந்து அந்தத் தாளைப் பிரித்தேன். மடிப்பில் பென்சில் கோடு தேய்ந்து வருகிறது. கைப்பையில் பேனா இருந்தது, ஆனால் கோட்டின் மேல் இழுக்கவில்லை. தேய்ந்த கோட்டைப் பார்த்து நான் வரைந்தால் அண்ணி சும்மா விடமாட்டார்.