வீட்டைத் தாண்டிப் போகும் வேன்

பாரிவாக்கத்தில் வடிவு வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அந்தக் குடோன். ஆனாலும் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லி போவாள். அங்கே கம்பெனி வேனில் ஏறுவாள். வேன் அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் குடோனுக்கு வரும். அப்போது மறுபக்கம் திரும்பிக்கொள்வாள்.

இந்தக் கூத்துக்குக் காரணம் உண்டு. குடோன் வந்தால் ஊருக்கே வேலை என்றார்கள். வந்த பிறகு, உள்ளூர் ஆள் என்றாலே கும்பிடு போட்டு அனுப்பினார்கள். காதுகுத்து, சாவு, ஆடிக் கூழ் என்று எதற்கெடுத்தாலும் லீவு போடுவார்களாம். முழுப் பொய் என்றும் சொல்வதற்கில்லை. வடிவின் ஆதாரில் செய்யாற்றுத் தாய்வீட்டு விலாசம் மாறாமலே கிடந்தது. அதைக் காட்டி, பூந்தமல்லியில் தங்கியிருப்பதாகச் சொல்லிச் சேர்ந்துவிட்டாள். புருஷன் கால் ஒடிந்து படுத்த பிறகு குடும்பமே அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. குட்டு உடைந்தால் அன்றைக்கே சீட்டு கிழியும்.

குடோன் நிற்பது அவள் மாமனார் விற்ற நிலத்தில். ஆடியில் அம்மன் கரகம் ஊர் சுற்றும்போது அந்த நிலத்து முனையில் நிற்கும். நிலத்துக்கார வீட்டு மருமகள் கரகம் சுமப்பவர் காலில் மஞ்சள் தண்ணி ஊற்றினால்தான் நகரும். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஊற்றியது வடிவுதான். நிலமே போயாச்சு, இனி கரகம் அந்தப் பக்கம் எதற்கு வரப்போகிறது என்று இந்த வருஷம் லீவு கேட்காமல் வேலைக்குப் போனாள். அம்மன் என்ன பத்திரம் பார்த்தா நடக்கிறாள்?

பம்பைச் சத்தம் குடோன் கேட்டில் வந்து நின்றது. நகரவே இல்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. மேனேஜர் சௌம்யா பதறிக்கொண்டு ஓடினாள். கையில் கிடைத்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டாள். அதில் வடிவும் ஒருத்தி.

கரகத்துக்கு முன்னால் மஞ்சள் தண்ணிக் குடத்தோடு நின்றது அவள் கொழுந்தன் உலகநாதன்.

"இந்த நெலத்து ஊட்டுப் பொம்பள ஊத்தணும் மேடம். அப்பதான் ஆத்தா நவுரும்" என்றான். பார்வை அண்ணியிடம் போய் நின்றது.

வடிவு கண்ணாலேயே கெஞ்சினாள்.

உலகநாதன் குடத்தைச் சௌம்யாவிடம் நீட்டினான். "நீங்களே ஊத்துங்க மேடம். இப்ப நெலம் உங்களுதுதானே."

சௌம்யா ஊற்றினாள். பாதி அவள் செருப்பிலேயே விழுந்தது. ஆனாலும் கரகம் சிலிர்த்துக்கொண்டு நகர்ந்தது. வேலை தப்பியது என்று வடிவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆத்தா இவ்வளவு சுலபமாக நகர்ந்துவிட்டாளே என்பதுதான் அப்புறம் உறுத்தியது.

கையை உதறிக்கொண்டே சௌம்யா கேட்டாள். "உங்க செய்யாறு பக்கத்துலயும் இதெல்லாம் உண்டா வடிவு?"

"தெரியாது மேடம்" என்றாள் வடிவு. "நான் இப்பதான் மொத தடவையா பாக்கறேன்."