அண்ணியின் நெல் பையும் நடவு வரிசையும்

என் அண்ணிக்கு உடம்பு முழுக்க வலி என்று சொன்னபோது முதலில் நம்பாதவன் நான்தான். அண்ணன் பாதி நம்பினான். அவனுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குவான். தூங்குகிறவன் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன.

நான் பத்தாவதில் இரண்டு பாடத்தில் ஃபெயிலாகி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் சேர்ந்தவன். வீட்டில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அண்ணியைக் கேலி பண்ணுவது. கொழுந்தனுக்கு அந்த உரிமை உண்டு, யாரும் தட்டிக் கேட்க முடியாது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மானாம்பதியிலிருந்து கல்யாணமாகி வந்த மூன்றாவது நாளே என் மீசையைப் பார்த்து, "தம்பி, மூஞ்சி கயுவிக்கினு வா, மூக்குக்கு கீய ஆயில் கீது" என்றவள்.

எங்கள் பக்கத்தில் நடவுக்குப் போகிற பெண்கள் ஒரே வரிசையாக நின்று, பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஆளுக்கு ஒரு பட்டை நிலம். ஒருத்தி பின்தங்கினால் அவளுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் தாண்டிப் போய், அவள் நகர வேண்டிய இடத்தையும் சேர்த்து நட்டு மூடிவிடுவார்கள். நாலு பக்கமும் நாற்று, நடுவில் அவள் மட்டும். இதற்குக் 'கட்டிடறது' என்று பேர். கட்டப்பட்டவள் அன்றைக்கு முழுக்க மற்றவர்கள் வாயில் இருப்பாள். அண்ணி எங்கள் ஊருக்கு வந்த முதல் நவரைப் பட்டத்திலேயே, அதாவது மார்கழி, தை நடவிலேயே, கும்பலை நடத்துகிற மேஸ்திரியம்மாவையே கட்டியவள். மேஸ்திரியம்மா அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள், ஆனால் மறக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து, போன நவரையில், அதே அண்ணியை அடுத்தடுத்து மூன்று நாள் கட்டினார்கள். கையைத் தூக்க முடியவில்லை, விடிகாலையில் எழும்போதே யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். மூன்றாவது நாள் மேஸ்திரியம்மா வரப்பில் நின்று எல்லோர் எதிரிலும் சொன்னாளாம்:

"உனுக்கு சிரிக்கசொல்ல நோவ மாட்டுது, நடசொல்ல மட்டும் நோவுது. அடுத்த நடவுக்கு நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரே ஒரு எண்ணம்தான். அடுத்த நவரையில் அந்த வரிசையில் மறுபடி நிற்கணும். வலி போகணும் என்றுகூட அவள் கேட்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். ரிப்போர்ட் கவரை நான்தான் வாங்கி வந்தேன். "அண்ணி, ரிப்போர்ட்டுபடி இந்த வூட்லயே நீ ஒருத்திதான் நல்லா கீற" என்றேன். அவள் வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பாள். அன்று கவரை வாங்கி ரேஷன் கார்டு இருக்கிற டப்பாவில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு டாக்டர் நிறைய நேரம் உட்காரவைத்துக் கேட்டு, ஃபைப்ரோமயால்ஜியா என்று சொன்னார். வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பெரிய பேர் நோய் என்று வைத்துக்கொண்டோம். மாத்திரை கொஞ்சம்தான் செய்யும், மீதியை உடற்பயிற்சிதான் செய்யணும் என்று சொல்லி, எங்கள் பக்கத்துக்கு வியாழக்கிழமைகளில் வருகிற ஒரு பிசியோ மேடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்ததால் நான் வண்டியில் அழைத்துப் போனேன்.

அந்த மேடம் முதல் நாள் எந்தப் பயிற்சியும் சொல்லித் தரவில்லை. பேசினார். நடுவில் என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்றார்.

"டூவீலர் மெக்கானிக், மேடம்."

"திருட்டு அலாரம் வெச்ச வண்டி வருமா?"

"வரும் மேடம். ஒரு வண்டி கீது, ஆடு ஒரசிக்கினு போனாகூட கத்தும். பஸ்ஸு ஆரன் அட்ச்சா கத்தும். அந்த வண்டிக்காரரு வந்தாலே தெருவுல எல்லாரும் காத பொத்திக்குவாங்க."

"வண்டிய யாராவது திருடுறாங்களா?"

"அத்த எவன் திருடுவான்?"

மேடம் அண்ணி பக்கம் திரும்பினார். "உங்க உடம்புலயும் அப்படித்தான்மா. அலாரம் கத்துறது நிஜம். உங்க வலி நிஜம், நடிப்பு இல்ல. ஆனா அது கத்துறதுனால உள்ள எதுவோ கிழிஞ்சுடுச்சு, தேஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துற மாதிரி நரம்பும் மூளையும் பழகிடுச்சு."

"ஒயர அறுத்துட்டா?" என்றேன்.

"அறுக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமா பழக்கலாம். தினமும் அதே அளவு அசைவு, அதே அளவு பாரம். ஆபத்து இல்லன்னு அது தெரிஞ்சுக்கணும்."

அண்ணி தன் கையை விரித்து மடக்கிப் பார்த்தாள். "அப்ப என் கையி நல்லாதான் கீதா?"

"நல்லா இருக்கு. வேலை செய்யாம பலம் மட்டும் குறைஞ்சிருக்கு."

திரும்பி வரும்போது ஏரிக்கரை மேல் வண்டி ஏறியதும் பின்னாலிருந்து சொன்னாள்: "ஆறு மாசமா என் எலும்பு உளுத்துப் போவுதுன்னு நெனச்சிக்கினு கீறேன், தம்பி." உன் எலும்பு உளுத்தால் கரையான்கூட பயந்து ஓடிடும் என்றேன். முதுகில் ஒன்று போட்டாள். கையில் பலம் குறைந்திருந்தது தெரிந்தது.

ஆடி மாதத்தில் ஆரம்பித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஜன்னல் கம்பியில் ரப்பரைக் கட்டி இழுப்பது. அதற்குக் கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கொடுத்தேன். மூன்றாவது, துணிப் பையில் நெல்லைப் போட்டு, முட்டியை மடக்கி, தரையிலிருந்து தூக்கி நிற்பது. முதல் வாரம் பையில் ஒரு படி நெல்கூட இல்லை. நான் அதை ஒரு விரலில் மாட்டிச் சுற்றிக் காட்டினேன்.

மேடம் போட்ட கணக்கில் கஷ்டமானது தூக்குவது இல்லை, நிறுத்துவது. எட்டு முறை என்றால் எட்டு. வலிக்கிற நாளிலும் எட்டு, நன்றாக இருக்கிற நாளிலும் எட்டு. அண்ணியால் இதை ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. நன்றாக இருக்கிற நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ரத்தத்தில் ஊறியது. நாளைக்கு உடம்பு எப்படியோ, மழை எப்படியோ. இரண்டாவது வாரம் ஒரு நாள் லேசாக இருக்கிறது என்று முப்பது முறை தூக்கி, வீட்டிலிருந்த போர்வையெல்லாம் துவைத்து, மாட்டுக் கொட்டகையையும் கழுவிவிட்டாள். பிறகு நாலு நாள் எழவில்லை.

"அலாரம் பேட்டரி தீந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"போடா, உன் வாயில பாம்பு புடுங்க."

அதற்குப் பிறகு கட்டுப்பட்டாள். ஒரு வாரம் சரியாகப் போனால் பையில் ஒரு கை நெல் சேர்ப்பாள். சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். ஐப்பசியில் மழை பிடித்து ஏரிக்குத் தண்ணீர் வந்தபோது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வர ஆரம்பித்திருந்தாள். வலி போகவில்லை. "கீது, ஓரமா குந்திக்கினு கீது" என்பாள்.

இந்த இடத்தில்தான் நான் புத்திசாலி ஆனேன்.

வாரத்துக்கு ஒரு கை என்பது எனக்கு ரொம்ப மெதுவாகப் பட்டது. மார்கழி கடைசியில் நடவு ஆரம்பித்துவிடும். மேடம் சொன்னதை நானும்தான் கேட்டேன்: உள்ளே ஒன்றும் கெடவில்லை, மூளைதான் பயப்படுகிறது. அப்படியானால் மூளைக்குத் தெரியாமல் பாரத்தை ஏற்றினால்? கடையில் பழைய போல்ட்டு, நட்டு, தேய்ந்த செயின் பல்சக்கரம் எல்லாம் ஒரு டின் நிறையக் கிடந்தன. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இரண்டு மூன்றை எடுத்து வந்து நெல்லுக்கு அடியில் புதைத்தேன்.

மூன்று வாரம் அண்ணி ஒன்றும் தெரியாமல் தூக்கினாள். "இன்னாடா இது, நெல்லு நமுத்துப் போச்சா, கனமா கீது" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். மழைக்காலம் இல்லையா என்றேன். வலியும் கூடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் விழித்திருந்த அதிசயமான நாளில், பையை முறத்தில் கவிழ்த்துக் காட்டினேன். நெல்லுக்கு நடுவில் இரும்பெல்லாம் உருண்டு வந்தது.

"பாத்தியா அண்ணி, நீ தூக்கனது எவ்ளோன்னு? உன் மண்டைக்கு தெரியாததால நோவல."

அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. பல்சக்கரத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து முறத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை கழுத்திலிருந்து கால் வரை வலி. பத்து நாள் அப்படியே இருந்தது. இரும்பைத் தூக்கிய மூன்று வாரமும் வராத வலி, தூக்கியது இரும்பு என்று தெரிந்த மறுநாள் வந்தது. எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அதை வைத்துக் கேலி பண்ண ஆள் கிடைக்கவில்லை. அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு வரும், பேச்சு வராது.

வியாழக்கிழமை வண்டியில் ஏறினாள், வேறு வழியில்லை. மேடத்திடம் நடந்ததை நானே ஒப்பித்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அண்ணியைப் பார்த்து, "உங்களுக்கு எது கோவம்?" என்று கேட்டார்.

"எல்லாரும் என் ஒடம்ப பத்தி என்னவிட அதிகமா தெரிஞ்ச மாதிரியே பேசறாங்கோ. ஒன்னும் இல்லன்றாங்கோ, நடிக்கறன்றாங்கோ. இவனும் அதான் பண்ணான். எனுக்கு நான் இன்னா தூக்கறேன்னு தெரியணும், மேடம். தெரிஞ்சு தூக்கனாதான அது நான் தூக்கனது."

மேடம் தலையாட்டினார். "பலம் எங்கயும் போகல. ஆனா எவ்வளவுலேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அண்ணி சொன்னாள்: "பாதி. நெல்லு மட்டும்."

அதன் பிறகு பையை அவளே நிரப்பினாள், அவளே முடிச்சுப் போட்டாள். நான் அந்தப் பக்கம் போனால் துடைப்பத்தை எடுப்பாள். சுவரில் பழைய கரிக்கோடுகளை அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். ஒரு மாதம் வீணாகிவிட்டது என்று நான்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயால் அதைச் சொல்லவில்லை. பேச்சு மட்டும் கார்த்திகை தீபத்தன்று திரும்ப வந்தது, அதுவும் அகலுக்கு எண்ணெய் வாங்கி வரச் சொல்வதற்காக.

மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேஸ்திரியம்மாவிடம் போய்க் கேட்டாள். சாலவாக்கம் ரோட்டோரக் கழனிக்கு ஆள் குறைந்திருந்தது. அதனால் வரச் சொன்னார்கள், வேறு எதனாலும் இல்லை.

அந்தக் கழனியை ஓட்டிய டிராக்டர்காரரின் மொபெட் நடவு நாளன்று பஞ்சர். ஒட்டுவதற்கு நான் போனேன். நானாகக் கேட்டுப் போனேன் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

அண்ணி வரிசைக்கு நடுவில் நின்றாள். ஆறு முடி நாற்று, அதாவது ஆறு சிறு கட்டு, நட்டதும் நிமிர்ந்தாள், சேற்றை விட்டு வரப்பில் ஏறினாள், கையை விரித்து நேராக நின்றாள். மேடத்தோடு பேசி முடிவு செய்தது அது. வலி வந்ததால் இல்லை. ஆறு முடி ஆனதால். திரும்பி இறங்குவதற்குள் இரண்டு பக்கமும் தாண்டிவிட்டார்கள். மூன்றாவது முறை ஏறி இறங்கியபோது அவளைக் கட்டியாகிவிட்டது. பச்சைக்கு நடுவில் ஒரு கட்டில் அளவு சேறு, அதில் அண்ணி.

"இன்னாமே, மேல ஏறி ஏறி சாமி கும்புடறியா?" என்று ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது.

"நல்லா சிரிங்க. நான் முடிச்சிட்டு வரேன்."

அவசரப்படாமல் அந்தச் சேற்றை நட்டு முடித்தாள். பிறகு நாற்றை மிதிக்காமல் நடந்து நேராக மேஸ்திரியம்மாவிடம் வந்தாள். நான் டியூபில் பசை தடவிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் தடவினேன்.

"யக்கா, எனுக்கு வரப்போரம் பட்டைய குடு. ஆறு முடிக்கு ஒருவாட்டி மேல ஏறுவேன். வரப்போரம்னா யாரும் என்ன கட்ட முடியாது, ஒரு பக்கம்தான ஆளு. என் பட்டைய நான்தான் முடிப்பேன். ஒரு நாளு வுட்டு ஒரு நாளு வரேன்."

"வரப்போரம் கெயவிங்க நிக்கற எடம்மே. நீ என்னியே கட்டனவ."

"அப்ப கெயவின்னே வெச்சிக்கோ."

மேஸ்திரியம்மா அண்ணி நட்ட இடத்தைப் பார்த்தாள். இடைவெளி பிசகாமல் இருந்தது. "ஆஸ்பத்திரில இப்டி நட சொல்லி எய்தி குட்த்தாங்களா? நான் அத்தெல்லாம் நம்ப மாட்டேன்."

"நீ நம்பத் தேவல யக்கா. எடம் குடு."

மேஸ்திரியம்மா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, வரப்போரம் நின்ற கிழவியைப் பார்த்துக் கையைக் காட்டினாள். கிழவி ஒரு பட்டை உள்ளே தள்ளி நின்றாள். "இந்த வயசுல என்னிய கட்டப் போறாளுங்கடி" என்று முனகினாள்.

நான் பஞ்சர் ஒட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டேன். சாயந்திரம் அண்ணி சொல்லித்தான் மீதி தெரியும். கிழவியை யாரும் கட்டவில்லை. ஒருத்தியைக் கட்ட இரண்டு பக்கமும் ஆள் சேர வேண்டும். ஒரு பக்கம் அண்ணி நின்றிருந்தாள், அவள் சேரவில்லை.

மறுநாள் அண்ணி வீட்டில் இருந்தாள், வலி இருந்தது. அதற்கு மறுநாள் வேலைக்குப் போனாள்.