என்னைக் கேட்காத இசைவு

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ‘இசைவு’ என்ற சொல்லைத் தட்டச்சு செய்யாத நாள் இல்லை. மேலதிகாரி ஒப்புக்கொண்டால் ‘இசைவு அளிக்கப்படுகிறது’. மனம் ஒப்பி அளித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சொல்லுக்குள் இசை இருப்பதும் யாருக்கும் நினைவில்லை. இரண்டு குரல் சேர்ந்தாலும் இசைவு. ஒருவர் வெறுமனே தலையாட்டினாலும் இசைவுதான். வீட்டில் நாங்கள் ‘ஒத்துப்போறது’ என்போம். திண்டிவனத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தபோது, “மாமியாரோட ஒத்துப் போய்க்கினு இரு” என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அப்படியே இருந்தாள். என்னோடு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. சீப்பை எங்கே வைப்பது என்பதற்குக்கூட எங்களுக்குள் சண்டை வரும். அங்கே போன மூன்றாம் மாதம் மாமியாரும் மருமகளும் ஒரே நிறத்தில் நைட்டி எடுத்து, போட்டுக்கொண்டு நின்று, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். கொடுத்துவைத்தவள் என்று அலுவலகத்தில் என்னைச் சொன்னார்கள். சிரித்துவிட்டுப் படத்தை அழித்தேன்.

போன மாதம் ஒரு காலையில் மருமகன் வேலை பார்க்கும் சென்னையிலிருந்து கூப்பிட்டார். மகளுக்குக் குடல்வால் வீங்கி, திண்டிவனம் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார். நான் ஏறிய பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஊர்ந்தது. போய்ச் சேர்வதற்குள் அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நர்ஸ் படிவத்தைக் காட்டினார். ‘இசைவு அளிப்பவர்’ என்ற இடத்தில் சம்பந்தியம்மாவின் கையெழுத்து. ‘உறவு’ என்ற இடத்தில் ‘தாய்’.

“அம்மாவான்னு கேட்டாங்க, அவசரத்துல தலையாட்டிட்டேங்க” என்றார் சம்பந்தியம்மா.

உள்ளே என் பிள்ளையின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், விழுப்புரத்துக்கு வா, அறையெல்லாம் ஒழித்து வைத்திருக்கிறேன் என்றேன். “அத்தைகிட்டயே இருந்துக்கறேம்மா. நீ வேலைக்கும் போய்க்கினு என்னையும் பாத்துக்கினு, பேஜாரு” என்றாள்.

சரி என்றேன்.

“சம்பந்தி சொல்ற சரியில உப்பே இல்லையே” என்று அந்தம்மா சிரித்தார். பிறகு, லீவு போட்டுவிட்டு நீங்களும் எங்கள் வீட்டிலேயே தங்குங்கள் என்றார். மறுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம், மகளை யாரிடம் விட்டுவிட்டுக் கிளம்புவது? லீவு போட்டேன்.

மூன்றாம் நாள் மிளகு ரசம் வைத்தேன். மகள் ஒரு வாய் சாப்பிட்டு, “அத்தை வைக்கிற மாதிரியே இருக்கும்மா” என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

“எங்க வீட்ல பூண்டு தட்டிப் போட மாட்டோங்க. இவதான் எங்கம்மா இப்படித்தான் வைப்பாங்கன்னு பக்கத்துல நின்னு செய்யவெச்சா” என்றார் சம்பந்தியம்மா.

உண்மையோ, எனக்காகச் சொன்னதோ தெரியவில்லை. மகளிடம் கேட்கவும் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள். அந்தம்மா கரண்டிக்குக் கை நீட்டுமுன் நான் எடுத்துக்கொண்டேன்.