அவர் உயர்த்தி வைத்த கட்டில்

என் கால் முதன்முதலில் மறுத்தது ஒரு ட்ரைஷா (ஆளை ஏற்றிப் போகும் மூன்று சக்கர மிதிவண்டி) படியில்தான். மார்க்கெட் ஸ்திரீட்டில் மிளகாய், மல்லி எல்லாம் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறப் போனேன். இடது காலைத் தூக்கினேன். வரவில்லை. தொடை இடுக்கில் யாரோ ஆணி அடித்தது போல இருந்தது. வண்டிக்காரர் வயதான சீனர், எங்கள் பேச்சு அவருக்கு நன்றாக வரும்.

"என்னா தங்கச்சி, வண்டி ஒசந்து போச்சா, நீ குட்டையாப் போயிட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கையால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை.

வலி முழங்காலுக்கும் இறங்கியதால் முழங்காலில்தான் கோளாறு என்று நினைத்தேன். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். தேய்த்ததெல்லாம் வீண். நோவு இருந்த இடம் வேறு. இப்படி யாருக்காவது முழங்கால் வலித்து எண்ணெய்க்கும் கேட்காமல் இருந்தால், இடுப்பையும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்ட மிஸ்ஸி (மருத்துவத் தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். "பின்னால வர்றவங்க ரொம்பப் பயப்படறாங்கம்மா. பட்டவங்க சொன்னாத்தான் நம்புவாங்க" என்றாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பு மூட்டுத் தேய்மானம் (எலும்பும் எலும்பும் உரசாமல் இடையில் இருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து போவது). தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகக் குண்டு வைப்பார்களாம். அது உட்கார இடுப்பில் ஒரு கிண்ணம் பதிப்பார்களாம். எனக்குத் தலை சுற்றியது. எங்கள் வீட்டுக்காரர்தான் கேட்டார். "வீட்டுக்கு வந்தப்புறம் நாங்க என்ன செய்யணும் டாக்டர்?"

"அதுதான் பாதி வைத்தியம்" என்றார் டாக்டர்.

அந்தப் பாதியை எங்கள் வீட்டுக்காரர் தன் பாதியாக எடுத்துக்கொண்டார்.

அறுவை முடிந்து நினைவு வந்தபோது இரண்டு கால்களுக்கும் நடுவே பெரிய தலையணை வைத்துக் கட்டியிருந்தார்கள். கால் ஒன்றின்மேல் ஒன்று போய்விடக் கூடாது. போனால் புது மூட்டு நழுவிவிடும் (குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடுவது). குனியக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. தாழ்ந்த முக்காலி, குந்தி உட்காரும் கக்கூஸ் எதுவும் கூடாது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பை விடத் தாழ்வாகவே இருக்க வேண்டும்.

நான் பிறந்ததிலிருந்து தரையில் வாழ்ந்தவள். சாப்பிட்டது, அரிந்தது, பிள்ளை பெற்றது, படுத்தது எல்லாம் தரையில். இனி தரை எனக்கு இல்லை என்று சொன்னது போல இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்துக் கிடங்கில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். பார்வை நேரத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். ஒருநாள் என்னை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையிலிருந்து என் முழங்கால் வரை பிடித்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மிஸ்ஸி பார்த்துவிட்டாள். "என்னய்யா, அம்மாவுக்குப் பாவாடை தைக்கப் போறீங்களா?"

"சிம்மாசனம் செய்யப் போறேன் மிஸ்ஸி. இனிமே இவ மகாராணி லா, தரையில கால் பட்டாலும் பொம்பள தரையில படக்கூடாது."

அந்த வார்டே சிரித்தது. நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

எங்கள் மகள் சரசு கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். தன்னோடு வரச் சொன்னாள். அவள் வீடு நாலாவது மாடி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கம்மா அவ வீட்டுக்குத்தான் வருவா. நான் எல்லாம் செஞ்சுட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

உண்மையிலேயே செய்திருந்தார். எங்களுடையது குவீன் ஸ்திரீட்டுக்குப் பின்னால் சந்தில் இருக்கும் பழைய வாடகை வீடு. நான் நடைச்சட்டத்தைப் (நாலு கால் வைத்த ஊன்றுகோல்) பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது என் வீடு எனக்கே புதிதாக இருந்தது. நிலைப்படிக்கு முன்னால் சரிவாகப் பலகை. தரையில் விரித்திருந்த பாய், சாக்கு எல்லாம் சுருட்டிப் பரணில் போயிருந்தன. வழுக்கினாலும் தடுக்கினாலும் போச்சு என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். அடித்தட்டில் இருந்த பருப்பு, புளி, உப்பு டின்கள் எல்லாம் என் நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தன. பின்கட்டுக் கக்கூஸின் மேல் நடுவில் ஓட்டை போட்ட மர நாற்காலி. பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய்.

எனக்கென்று ஒரு பழைய கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார். அதன் நாலு கால்களுக்கும் அடியில் கனமான மரக்கட்டைகள். கால் நழுவாதபடி ஒவ்வொன்றிலும் குழி தோண்டியிருந்தார். நாற்காலிக்கும் அதே மாதிரி. எதில் உட்கார்ந்தாலும் என் பாதம் சரியாகத் தரையைத் தொட்டது. துண்டு முடிச்சின் கணக்குத் தப்பவில்லை.

"எப்படி?" என்றார்.

"உப்பு இவ்வளவு ஒசரத்துலயா?" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"நன்றின்னு ஒரு வார்த்தை வருதா பாரு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார். அப்போதே நெஞ்சைத் தடவினார். நான் பார்த்தேன்.

கட்டில் ஒருவர் படுக்கத்தான் கொள்ளும். அவர் கட்டிலை ஒட்டித் தரையில் பாய் போட்டுக்கொண்டார். எனக்கு அது பெரிய சங்கடம். கல்யாணமான நாளிலிருந்து அவர் உட்கார்ந்திருக்கும்போது நான் அவருக்கு மேலே உட்கார்ந்ததில்லை. இப்போது நான் உயரத்தில், அவர் என் காலடியில். சொன்னால், "நான் மூட்டையடியில கெடந்தவன், உன் காலடியில கெடக்க மாட்டேனா?" என்பார்.

காலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. எனக்கு எழ வேண்டும் என்றால் கட்டில் சட்டத்தை விரலால் தட்டுவேன். "இரு, இரு" என்பார். எழுந்து பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்துவார். பிறகு என் தோளைப் பிடித்து, "இப்ப எறங்கு" என்பார். அதற்குப் பிறகுதான் காலைத் தரையில் வைப்பேன்.

நான் நாளுக்கு நாள் தேறினேன். தையல் பிரித்தார்கள். வாசல் வரை போனேன், பிறகு சந்து முனை வரை. அவர் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, "வா, வா, மகாராணி ஊர்வலம்" என்பார். அவருக்கு மூச்சு வாங்கியது. கேட்டால் வாயு என்றார். ஓமத்தண்ணீர் குடித்தார். சரசு டாக்டரிடம் போகச் சொல்லிச் சண்டை போட்டாள். "உங்கம்மா சட்டம் பிடிக்காம நடக்கட்டும். அப்புறம் நான் போறேன்."

ஒருநாள் விடிந்ததும் கட்டில் சட்டத்தைத் தட்டினேன். "இரு" என்ற சத்தம் வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். அவருடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "என்னங்க, என்னங்க" என்றேன். மிஸ்ஸி கற்றுக்கொடுத்தபடி மெள்ள நகர்ந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கீழே ஒருக்களித்துப் படுத்திருந்தார். கை எட்டவில்லை. குனிந்தால் மூட்டு நழுவும். நழுவினால் அவரையும் எழுப்ப முடியாது, நானும் எழ முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

புது மூட்டு வைத்த காலை இறக்கி அவர் தோளில் வைத்தேன். காலால்தான் தொட்டேன். சில்லென்று இருந்தது.

நடைச்சட்டத்தை இழுத்து எழுந்து வாசலுக்குப் போய் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன். அப்புறம் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

கூடத்தில் தரையில் பாய் விரித்து, தெற்கே தலை வைத்து அவரைக் கிடத்தினார்கள். சரசு வந்து அவர் மேல் விழுந்து அழுதாள். பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் மட்டும் கட்டை வைத்த நாற்காலியில் உயரத்தில் உட்கார்ந்திருந்தேன், வேடிக்கை பார்க்க வந்தவள் போல. என் மனதில் ஒன்றுதான் ஓடியது. கட்டிய புருஷனைக் காலால் தொட்டிருக்கிறேன். அவர் போவதற்குள் அவர் காலை என் கையால் தொட வேண்டும். அது தரையில் இருந்தது.

அவருடைய அண்ணன் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்து காரியங்களை நடத்தினார். அவர் எதிரில் நான் பேசியதே இல்லை. தலையைத்தான் ஆட்டுவேன். பெட்டி வந்துவிட்டது, தூக்கலாம் என்று ஆட்களிடம் சொன்னார்.

"அவரைக் கட்டில்ல வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அழுகை நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா பேசற?" என்றார் அண்ணன். "பொணத்தைக் கட்டில்ல போட்டா அந்தக் கட்டில் வூட்டுக்கு ஆவாது. தூக்கி வெளியில போடணும். அப்புறம் ஒடம்பு முடியாதவ நீ எதுல படுப்ப?"

"அதுலயேதான் படுப்பேன்."

"தீட்டும்மா."

"அவர் செஞ்ச கட்டை மூத்தவரே. எனக்குக் குனிய முடியாது. அவர் காலைத் தொடணும்."

சரசு எழுந்தாள். "பெரியப்பா, எங்கம்மா வாயைத் தெறந்து நீங்க கேட்டிருக்கீங்களா? நான் இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றாள்.

அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கட்டைய மறக்காம கொண்டாங்கடா" என்றார்.

கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கட்டைகளைக் காலுக்கு அடியில் கொடுத்து, அவரைத் தூக்கி வைத்தார்கள். என் நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டாள் சரசு. அவருடைய பாதம் என் மடி உயரத்துக்கு வந்தது. எனக்கென்று அவர் எடுத்த அளவு அது. நான் குனியவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பாதத்தையும் கையால் பிடித்துக்கொண்டேன். மூட்டை தூக்கி வெடித்த பாதம். பிடித்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொன்னேன்.

மற்றச் சடங்குகளை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கட்டிலைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே போட்டாள் சரசு. கட்டைகளை அண்ணனே அடியில் கொடுத்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குச் சரசுவோடு போனேன். மிஸ்ஸி ஓடிவந்து, "எங்கே சிம்மாசனம் செஞ்சவர்?" என்று கேட்டாள். சரசுவின் முகத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். மூட்டு நன்றாகப் பொருந்தியிருக்கிறதாம். கட்டிலுக்கு அடியில் உள்ள கட்டைகளை இனி எடுத்துவிடலாம் என்றார். தலையை ஆட்டினேன். எடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படியைச் சரியாக்குங்கள், பாயைச் சுருட்டுங்கள், உப்பு டின்னை மேலே வையுங்கள். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லித் தருவார்கள். உங்களைப் பார்த்துக்கொள்பவரை மட்டும் தரையில் படுக்க விடாதீர்கள். உங்கள் கை எட்டும் உயரத்தில் அவருக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லுங்கள். அவர் நெஞ்சைத் தடவினால் வாயு என்று விடாதீர்கள்.

எனக்கு இப்போது வலி இல்லை. ட்ரைஷாவில் நானே ஏறுகிறேன். இடுப்பில் இருப்பது உலோகம் என்பதே மறந்துவிடுகிறது. பாதம் மட்டும் மறக்கவில்லை. சிமென்ட் தரையில் வைக்கும்போதெல்லாம் அந்தத் தோளின் சில்லிப்பு தெரிகிறது.

காலையில் கண் விழித்ததும் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறேன். உடனே இறங்குவதில்லை. ஒரு பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்துவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் தரையைத் தொடுகிறேன்.