மிளகாய் சிஸ்டருக்கு மூன்றாவது மெமோ

ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் அந்த நர்சுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் மிளகாய் சிஸ்டர். முகத்துக்கு நேரே சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா செட் விலை கூடியது. முன்கூட்டி நாள் குறித்த ஆபரேஷனுக்கு மட்டும், செவ்வாயும் வெள்ளியும்தான் எடுக்கணும் என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. இவளோ தினமும் காலையில் முதல் வேலையாக அதைக் கிருமி நீக்கித் தயாராக வைத்துவிடுவாள். இரண்டு மெமோ வாங்கியாச்சு. இரண்டையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். திமிர்தான், அதற்கென்ன இப்போது? முன்பு ஒருமுறை, கேமரா தயாரில்லாத நாளில், என்ன வலி என்று பிடிபடாமல் ஒரு கொத்தனாரின் வயிற்றை மேலிருந்து கீழ்வரை கிழித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பினார்கள். அந்த மனுஷன் அப்புறம் ஒரு செங்கல் தூக்கவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்குப் புதன்கிழமை. காலை பதினோரு மணிக்கு ஒரு தையல்காரப் பெண் வலியில் சுருண்டு வந்து விழுந்தாள். கல்யாணமாகி ஆறே மாசம். ஒரு பக்கச் சினைப்பையைச் சின்ன வயசிலேயே எடுத்தாச்சு. வலி குடல்வாலிலா, மிச்சமிருந்த சினைப்பையிலா? ஸ்கேனிலும் தெளிவில்லை.

“ஊசி போட்டுப் படுக்க வைங்க. நாளைக்குப் பாக்கலாம்,” என்றார் பெரிய டாக்டர்.

“இருக்கறதே ஒண்ணுதான் சார். அது முறுக்கியிருந்தா நாளைக்குள்ள செத்துடும். கேமரா விட்டுப் பாத்துடலாமே?” சின்ன டாக்டரம்மா மென்று விழுங்கினாள்.

“செட் ரெடியாகவே ரெண்டு மணி நேரம் ஆகும்மா.”

“காலையிலேயே ரெடி சார்,” என்றாள் மிளகாய் சிஸ்டர்.

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்கல. மெமோவை சாவகாசமா அடிங்க. இப்ப அந்தப் பொண்ணை உள்ள அனுப்புங்க.”

பெரிய டாக்டர் முகம் சிவந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

தொப்புளருகே சின்னத் துளை. லென்சில் ஆவி படியாதபடி வெந்நீரில் முக்கிக் கொடுத்தாள் சிஸ்டர். திரையில் சினைப்பை இரண்டு சுற்று முறுக்கிக்கொண்டு கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. டாக்டரம்மா இன்னொரு துளை வழியே முறுக்கை மெல்லப் பிரித்துவிட்டாள். ஐந்து நிமிஷம் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாவது நிமிஷம் ஓரத்திலிருந்து ரத்தம் ஓடிச் சிவப்பு ஏறத் தொடங்கியது. அப்பாடா!

சாயங்காலமே மூன்றாவது மெமோ வந்தது, விளக்கம் கேட்டு. அதன் அடியிலேயே அவள் எழுதினாள்: “நாளைக்கும் தயாராக இருக்கும்.”

டாக்டரம்மா பேனாவைப் பிடுங்கி, கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.